தொட்டதும் முடியாத தரையிறக்கம்

பயிற்சி விமானம் ஓடுபாதையைத் தொட்டதும் நிற்பதில்லை. இன்ஜின் விசையைக் கூட்டி மறுபடி மேலேறிவிடுகிறது. ‘டச் அண்ட் கோ’ எனப்படும் இந்த முறையின் லாபம் வெளிப்படையானது. விமான வாடகை மணிக்கணக்கில். நின்று, திரும்பி, ஓடுபாதையின் தொடக்கத்துக்கு உருண்டுவரும் நேரம் மிச்சமாகி, ஒரே மணி நேரத்தில் பல இறக்கங்கள் கைக்குப் பழகுகின்றன. காற்று நேர் எதிரே வீசும் நாளில் இதைக் குறை சொல்வதற்கில்லை. பக்கக் காற்றைப் பழக்கவும் இதையே நம்புவதுதான் கோளாறு.

சுமார் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் இறங்கும் செஸ்னா 172 சிறு விமானம், 15 நாட் பக்கக் காற்றில் பாதை விலகாமலிருக்க மூக்கை 14 பாகைக்கும் மேல் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். 140 நாட் வேகத்தில் வரும் ஜெட்டுக்கு 6 பாகை போதும். மூக்கைத் திருப்பியபடி வந்து கடைசியில் நேராக்குவதா, காற்றடிக்கும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி வருவதா என்று விமானிகள் ஓயாமல் வாதிடுவார்கள். இது அளவுக்கு மீறிய வாதம். எப்படி வந்தாலும், தரை தொடும்போது விமானத்தின் மூக்கு பாதையின் திசையில் இருக்க வேண்டும், பக்கவாட்டு நகர்வு இருக்கக் கூடாது. சிக்கல் அதன் பின்னர்தான் முற்றுகிறது. வேகம் குறையக் குறைய, வாலிலுள்ள சுக்கானும் இறக்கையைச் சாய்க்கும் எய்லரானும் பிடிப்பிழக்கின்றன, காற்றோ குறைவதில்லை. அது வாலை அறைந்து மூக்கைத் தன் பக்கம் இழுக்கிறது, தாழ்ந்திருந்த இறக்கையைத் தூக்கப் பார்க்கிறது. ஆகவே எய்லரானைக் காற்றின் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இறங்கியாயிற்று என்று கையைத் தளர்த்துபவர் நேர்மாறாகச் செய்கிறார். வால்சக்கர விமானத்தில் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய சுழற்சி தானே வளர்ந்துவிடும். டச் அண்ட் கோ வெட்டியெறிவது தரை தொட்ட பின்னான இந்தச் சில விநாடிகளைத்தான். அமெரிக்கச் சிறு விமான விபத்துக் கணக்கில், விமானி தவறால் நேர்பவற்றுள் தரையிறக்கமே முதலிடம் வகிக்கிறது. உயிரிழப்பு குறைவு; வளைந்த புரொப்பெல்லரோடும் முறிந்த சக்கரக் காலோடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பயிற்சிப் பள்ளிகள் பதறாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

செஸ்னாவின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு உள்ள 15 நாட் அளவைத் தாண்டாமலிருந்தால் போதாதா என்று கேட்கலாம். அது சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவு. தடையுமல்ல, புதியவருக்குத் தரும் உத்தரவாதமுமல்ல. இன்று கிளம்புவதா வேண்டாமா என்பதைத் தரையிலேயே யோசிக்க உதவும், அவ்வளவே. செலவு கூடும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஒவ்வொரு முறையும் நின்று திரும்பினால் இறக்கங்களின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஆனால் எல்லா நாளும் அப்படிப் பழகத் தேவையில்லை. பக்கக் காற்று வீசும் நாளில், ஆசிரியர் அருகிருக்க, முதலில் சக்கரம் படாமல் ஓடுபாதை நெடுகத் தாழப் பறந்து நடுக்கோட்டைப் பிடிக்கலாம். பிறகு வரும் இறக்கங்களில், எய்லரானை முழுதாகத் திருப்பி வைத்தபடி நடைவேகம் வரை உருட்டி நிறுத்தலாம்.