கலிங்கத்துக் காளி

கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். சிங்கக் கிணற்றின் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சண்டேசுவரர் தலையில் சிவபெருமான் மாலை சுற்றும் சிற்பத்தின் முன் நின்று உருகுவார்கள். உருக வேண்டிய சிற்பம்தான், சந்தேகமில்லை. அப்புறம் மீன்சுருட்டி பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் செங்கமேட்டை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

செங்கமேட்டில் இருக்கும் பைரவரும் காளியும் நம்ம ஊர்க்காரர்கள் இல்லை. கலிங்கத்துச் சிற்பங்கள். ராஜேந்திர சோழனின் படை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கே போய்விட்டுக் கொண்டு வந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கல்லே காட்டிக் கொடுக்கிறது. சோழச் சிற்பிக்குக் கருங்கல். இதுவோ சிவந்த கல்.

சும்மா யூகம் என்று தள்ளவும் முடியாது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில், தாராசுரத்திலிருந்து வந்த ஒரு துவாரபாலகர் நிற்கிறார். சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்து ராஜேந்திரன் மகன் ராஜாதிராஜன் கொண்டு வந்தது என்று பீடத்திலேயே கல்வெட்டு! திருடியவன் இப்படி எழுதி வைப்பானா? அவனுக்கு அது திருட்டில்லை. எதிரியின் வாசலைக் காத்தவனை என் வாசலில் நிறுத்திவிட்டேன் என்ற அறிவிப்பு.

இதே சமாசாரம் பசிபிக் கடலிலும் உண்டு. ஈஸ்டர் தீவிலிருந்து 1868-ல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல், எட்டடி உயரம், சுமார் நாலு டன் எடையுள்ள கல் மனிதனை ஏற்றிக்கொண்டு போனது. ஹோவா ஹகனனாய்யா என்று பெயர். 'திருடப்பட்ட நண்பன்' என்று அர்த்தம் சொல்கிறார்கள். விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கை. அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தீவு மக்களுக்கு அது சிலை இல்லை, முன்னோர். 2018-ல் லண்டனுக்கே போய், திருப்பித் தாருங்கள் என்று கேட்டார்கள். படித்தபோது நமக்கெல்லாம் நியாயமாகத்தான் பட்டது.

படாமல் என்ன? இதே அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் களவு போன நடராஜரை ஆஸ்திரேலிய மியூசியம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல்தான் திருப்பித் தந்தார்கள். அன்றைக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு பழக்கம். வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்றும் எழுதியாக வேண்டும். கலிங்கத்திலிருந்து நாளைக்கு யாராவது வந்து கேட்டால்? "ஆயிரம் வருஷமாக இங்கே இருக்கிறாள், எங்கள் ஜனங்கள் கும்பிடுகிறார்கள்" என்போம். பொய்யில்லை. லண்டன் மியூசியத்தால் சொல்ல முடியாத பதில் அது. தீவுக்காரர்களின் முன்னோர் அங்கே வெறும் காட்சிப் பொருள். கலிங்கத்துக் காளி இங்கே சாமியாகவே இருக்கிறாள். அந்த வித்தியாசத்துக்காக அவளைத் திருப்பித் தர வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

எப்படி வந்தாள் என்பதையாவது சொல்லலாம் இல்லையா? கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று மேடைக்கு மேடை தொண்டை வற்றப் பேசுகிறோம். கூடவே சாமியையும் கொண்டான் என்று ஒரு வரி சேர்க்க வாய் வரமாட்டேன் என்கிறது. ராஜாதிராஜனுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. பீடத்திலேயே வெட்டி வைத்துவிட்டான்.