வாடகைக்கு அரை மணி நேரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வன்னியம்பட்டி விலக்கில் மெயின் ரோட்டை விட்டு மேற்கே இறங்கி, சாயங்காலம் வரைக்கும் சைக்கிளில் சுற்றினேன். வேலை எதுவும் இல்லை, பார்க்க வேண்டிய ஆளும் இல்லை. மம்சாபுரம் பக்கத்துத் தோப்புப் பாதைகள், கண்மாய்க் கரைகள் என்று எங்கே திரும்பத் தோன்றுகிறதோ அங்கே திரும்புவது. மொத்தமே நாற்பது கிலோமீட்டர் இருக்காது. ஆனி மாதக் காற்று மலையில் இருந்து இறங்கி நேராக முகத்தில் அடித்தது. மேற்கே போகும்போது நடப்பவர்களே என்னைத் தாண்டிவிடுவார்கள் போல இருந்தது. அதனால் என்ன, மாந்தோப்பு நிழலில் நின்று நின்று போனேன். தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள். ரெண்டு ஓவர் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த ஒரு நாளில் ஏழு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எங்கிட்டு போறீக?" முதல் ரெண்டு பேரிடம் "சும்மாதான்" என்றேன். மூன்றாவது ஆள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா. விடவே இல்லை. "சும்மான்னா? யாரு வீட்டுக்கு தாயி?" என்றார். "அக்கா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்தது. "அதச் சொல்ல வேண்டியதுதான" என்றார். மீதி நாலு பேருக்கும் அக்கா வீடுதான். எனக்கு அக்கா கிடையாது.

அன்று ராத்திரி கால் வலியோடு பி. சாய்நாத்தின் புதுக்கோட்டைக் கட்டுரையை எடுத்து மறுபடி வாசித்தேன். 1996-இல் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' நூலில் இருக்கும் கட்டுரை அது. இந்தியில் எட்டாம் வகுப்புப் பாடமாகவும் இருந்ததால் வடக்கே லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்திருப்பார்கள். விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடக்கிறது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்கிறது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், நர்சுகள், டீச்சர்கள் எல்லோரும். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்குகிறார்கள். முன்னால் பார் இருப்பதால் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவும் வசதிதான் என்கிறார்கள்.

நல்ல கட்டுரை. பத்து வருஷமாக நான் பலருக்குச் சிபாரிசு செய்து வந்திருக்கிறேன். இந்த முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கட்டுரையில் சைக்கிளில் போகிற பெண்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஏதோ ஒரு வேலையாகத்தான் போகிறார்கள். தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட. சைக்கிளால் என்ன லாபம் என்று கணக்குப் போடும் இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், விற்பனைக்குக் கூடுதல் நேரம், கூடுதல் ஊர்கள் என்று அடுக்கிவிட்டு, ஓய்வு நேரமும் கூடலாம் என்பது கடைசியில் வருகிறது. அந்த ஓய்வும் சைக்கிளை நிறுத்திவிட்டு எடுக்கிற ஓய்வு. சைக்கிள் ஓட்டுவதே ஓய்வாக இருக்க முடியும் என்பது கணக்கில் இல்லை.

சாய்நாத் மேல் அநியாயமாகப் பழி போடக் கூடாது. வருமானத்தைப் பெரிதாகச் சொல்வது தப்பு, சுயமரியாதைதான் முக்கியம் என்று அறிவொளிக்காரர்கள் சொன்னதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்தச் சுயமரியாதைக்கும் பின்னால் கேரியரில் ஒரு மூட்டை இருந்துகொண்டே இருக்கிறது.

ஒரே ஒருத்தரைத் தவிர. ஒரு பள்ளி ஆசிரியை. சைக்கிள் பைத்தியம் பிடித்து, சொந்தமாக வாங்க வசதி இல்லாததால், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். எங்கே போனார் என்று கட்டுரை சொல்வதில்லை. எங்கேயும் போயிருக்க மாட்டார். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, கடையில் விட்டுவிட்டு, காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்திருப்பார். கட்டுரை அவருக்குச் சில வரிகள் ஒதுக்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

இதே வாடகை சைக்கிள் ஒரு பையன் கையில் கிடைத்தால் நம் ஆட்கள் அரைப்பக்கம் அல்ல, அரை நூலே எழுதுவார்கள். தமிழில் வாடகை சைக்கிள் நினைவுக்குப் பஞ்சமே இல்லை. கடைக்காரர் நோட்டில் பேரும் மணியும் எழுதுவது, குரங்குப் பெடல், முட்டி சிராய்ப்பு, லேட்டானதற்குத் திட்டு. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் எடுத்த 'குரங்கு பெடல்' படம் (2024) முழுக்கவே, பள்ளி விடுமுறையில் வாடகை சைக்கிளுக்கு ஏங்கும் ஒரு பையனைப் பற்றியது. எனக்குப் பிடித்த படம். சும்மா ஓட்டுவதற்காகவே ஓட்டும் ஆசைக்கு அதில் எந்த நியாயமும் கேட்கப்படவில்லை. பையனாச்சே!

இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் 1896-இலேயே 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு இளைஞன் தன் வருஷாந்திர லீவில் கிராமத்துப் பாதைகளில் சைக்கிளில் சுற்றுகிற கதை. அவனுக்கு லீவு என்பதே போதுமான காரணம். வழியில் அவன் சந்திக்கும் பெண்ணும் சைக்கிளில்தான் வருகிறாள். அவளுக்கு அது போதவில்லை. வீட்டை விட்டு ஓடி வந்தவளாகத்தான் வெல்ஸால் அவளை ரோட்டில் காட்ட முடிகிறது. கடைசியில் அவன் கடைக்குத் திரும்புகிறான், அவளைப் பிடித்து வீட்டில் சேர்க்கிறார்கள்.

அரசுத் திட்டங்களும் இதே கணக்கில்தான் வந்தன. நம் மாநிலத்தில் 2001-02-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று தொடங்கி, பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் மாணவிகளுக்கான திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று 2017-இல் எழுதினார்கள். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளி முடிந்த பிறகு அந்த சைக்கிள் என்ன ஆகிறது? அன்று வழியில் நான் பார்த்த பள்ளிக்கூட சைக்கிள்களில் ஒன்றில் பால் கேன், ஒன்றில் புல்லுக்கட்டு. ரெண்டையும் ஓட்டிப்போனது ஆண்கள். எதிரே ஒரு மில் வேன் நிறையப் பெண்கள் போனார்கள். அதில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று யோசித்தேன். அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். என் சைக்கிளில் கியர் இருக்கிறது. அதன் விலை அந்த வேனில் போன யாருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் விட அதிகம். வேலையில்லாமல் சுற்றுவது பற்றி எழுத எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கிறது. "சும்மா" என்று சொல்லக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அப்படியும் மூன்றாவது ஆளிடம் பணிந்துவிட்டேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா ராஜபாளையத்தில் வளர்ந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் நன்றாக சைக்கிள் ஓட்டுவார் என்று தெரியும், ஏன் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை. "தாத்தாவுக்கு மில்லுக்குச் சோறு கொண்டுபோக" என்றார். சரி, இதுவும் வேலைதானா என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, கொஞ்ச நேரம் கழித்து, "போகயில நேரா போயிருவேன். வரயில சுத்து வழியாத்தான் வருவேன்" என்றார்.

என் விமர்சனத்தில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது. புதுக்கோட்டைப் பெண்களிடம் ஒரு பத்திரிகையாளர் போய் சைக்கிளால் என்ன பயன் என்று கேட்டால், தண்ணீர் எடுக்கிறேன், சந்தைக்குப் போகிறேன் என்று பயனைத்தான் சொல்வார்கள். நானும் ஆட்டுக்காரம்மாவிடம் அக்கா வீட்டைத்தானே சொன்னேன்! சோற்றுத்தூக்கு இல்லாமல் அம்மாவை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். ஆக, கட்டுரையில் வேலைகள் நிரம்பி இருப்பது அந்தப் பெண்கள் வேலைக்காக மட்டும் ஓட்டினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. எந்த வழியாகத் திரும்பி வருவீர்கள் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும் இத்தனை வருஷம் அம்மாவிடம் கேட்கவில்லை. மறைக்கச் சாக்கு எதுவும் வைத்துக்கொள்ளாத ஆள் அந்த டீச்சர் ஒருத்தர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே விலக்குக்குப் போனேன். அரை மணி நேரம் என்பது எவ்வளவு தூரம் என்று பார்க்க ஆசை. போனில் பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தேன், கியரைத் தொடுவதில்லை என்று முடிவு. எதிர்காற்றில் திணறி, தென்னந்தோப்பு ஒன்றைத் தாண்டி, ஒரு பம்புசெட் ரூம் கிட்டே போகும்போது அலாரம் அடித்தது. மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. திரும்பினேன். காற்று முதுகில் ஏறிக்கொண்டது. பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. சட்டை உப்பிக்கொள்ள, ரெண்டு பக்கமும் தோப்பு ஓட, பத்தே நிமிஷத்தில் விலக்குக்கு வந்துவிட்டேன்.

வாடகை நேரத்தில் ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர், "என்ன தாயி, அக்கா வீட்டுல யாரும் இல்லையா?" என்றார். "இல்லண்ணே, சும்மாதான் போனேன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பி இன்னொரு சுற்று போனேன்.