தாம்பரம் விவாதமும் ‘அருள்’ என்னும் சொல்லும்

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. அதன்பொருட்டு டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், ஐரோப்பியப் புரோட்டஸ்டண்டு சபைகளில் எழுந்த புதிய இறையியலை இந்தியத் திருச்சபையின் வாயிலுக்குக் கொணர்ந்தது.

அவ்விறையியலின் ஊற்று கார்ல் பார்த். 1914இல் போரை ஆதரித்துக் கையொப்பமிட்டோருள் தம் ஆசிரியர்களும் இருக்கக் கண்ட அவர், பண்பாட்டையும் இறைவெளிப்பாட்டையும் இயைத்துப் பேசிய தாராள இறையியலைத் துறந்தார். உரோமர் நிருபத்துக்கு அவர் வரைந்த விரிவுரை 1919இல் வெளிவந்து, 1922இல் முற்றும் புதுக்கப்பெற்றது. சமயம் மனிதன் முயற்சி, வெளிப்பாடு இறைவன் செயல் என்பது அவர் துணிபு. 1934இல் நாஜிக் கொள்கையைத் திருச்சபைக்குள் புகுத்த முயன்றோரைப் பார்மென் அறிக்கை மறுத்தபோது இதன் வலிமை புலனாயிற்று.

ஆயின், ஜெர்மனியில் அரசின் செருக்கைத் தடுத்த வேலி தமிழ்நாட்டில் எதனைத் தடுத்தது? கிரேமர் பார்த்தை அப்படியே பின்பற்றியவரல்லர். எனினும் கிறித்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியின்மையையே வற்புறுத்தினார். செஞ்சையா, சக்கரை முதலியோர் அவ்வாண்டே சென்னையில் வெளியிட்ட தொகுதி இதனை எதிர்த்தது. (இந்திய மண்ணின் உரிமை பேசிய அத்தொகுதியும் ஆங்கிலத்திலேயே அமைந்தது!) விவாதம் பெரும்பாலும் கொள்கையளவில் நின்றது. சொல்லளவில் நிகழ்ந்திருப்பின் வேறு திசை கண்டிருக்கும் என்பது எம் கருத்து.

‘அருள்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். நாயன்மாரும் ஆழ்வாரும் வழங்கிய இச்சொல்லாலேயே தமிழ்க் கிறித்தவர் இறைவனை வேண்டுகின்றனர். தொடர்ச்சி அறவே இல்லையெனின் இவ்வழக்கு யாங்ஙனம் அமையும்? கிரேமர் சார்பிலும் ஒன்று கூறல் வேண்டும்: சொல் ஒன்றாதலால் பொருள் ஒன்றாகிவிடாது. சித்தாந்தத்தில் மலம் பரிபாகமுற்றவிடத்துச் சத்திநிபாதம் நிகழ்கிறது. லூத்தர் வழியினரோ, தகுதி சிறிதுமில்லாப் பாவியைச் சிலுவையின் பொருட்டு இறைவன் ஏற்கிறான் என்பர். யோவான் சுவிசேஷத்தைப் பக்தி நெறியாக விளக்கிய ஏ. ஜே. அப்பாசாமி, ஒப்புமை கண்ட மகிழ்ச்சியில் இவ்வேற்றுமையை விரைந்து கடந்தார் என்றே தோன்றுகிறது.

வைணவக் குடியிற் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவ்வாறு கடந்தாரல்லர். பனியனின் கதையைத் தழுவி 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகத்தில் சிலுவைக் கோட்பாடு சிறிதும் நெகிழவில்லை. யாப்பும் சொல்லாட்சியுமோ கம்பன் வழியின. கோட்பாட்டில் முறிவும் மொழியில் தொடர்ச்சியும் ஒருங்கே நிற்கவியலும் என்பதற்கு அந்நூல் சான்று. தாம்பரத்தில் அறிஞர் கூடுதற்கு நாற்பத்து நான்கு ஆண்டு முன்னரே அச்சான்று அச்சேறியிருந்தது.