பிப்பின் பார்த்த நிலவு

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் மூன்றாம் பாகம் ஓர் இரவுப் பயணத்தோடு தொடங்குகிறது. மந்திரவாதி காண்டால்ஃபின் மேலங்கிக்குள் ஒடுங்கியபடி, ஹாபிட் என்னும் குள்ள இனத்தவனான பிப்பின் குதிரையில் போகிறான். கிழக்கே நிலவு எழுகிறது. பௌர்ணமியை நெருங்கிவிட்ட நிலவு. மலையுச்சிகளில் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கைத் தீ எரியத் தொடங்குகிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, பிரிந்துபோன நண்பன் ஃப்ரோடோவின் நினைவு வருகிறது. எங்கே இருப்பான், உயிரோடுதான் இருக்கிறானா? அந்த இடத்தில் டோல்கீன் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். எங்கோ தொலைவில் ஃப்ரோடோவும் இதே நிலவை, விடியுமுன் அது மறையும் நேரத்தில் பார்த்தான். பிப்பினுக்கு அது தெரியாது.

பிப்பினுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும். இரண்டாம் பாகத்தில் அந்த நிலவு மறைவதை நாம் ஃப்ரோடோவோடு நின்று பார்த்திருக்கிறோம். விடியலுக்கு முன் படைத்தலைவன் ஃபாராமிர் அவனை எழுப்பி அருவியின் உச்சிக்கு அழைத்துப் போகிறான். மேற்கு மலைகளுக்கு மேல் முழு நிலவு இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே குளத்தில், ஃப்ரோடோவுக்கு வழிகாட்டி வந்த கொல்லம் மீன் பிடிக்கிறான். ஒரு சொல் வந்தால் எய்துவிட வில்லாளிகள் காத்திருக்கிறார்கள். ஃப்ரோடோ அவன் உயிருக்காக மன்றாடுகிறான். ஒருவன் கண்டது உதயம், மற்றவன் கண்டது அஸ்தமனம். நடுவே இருப்பது ஒரே இரவு. இரண்டாம் பாகம் 1954 நவம்பரிலும் மூன்றாம் பாகம் 1955 அக்டோபரிலும் வெளிவந்தன. பதினொரு மாதம் அந்த அருவியையும் நிலவையும் மனதில் வைத்துக் காத்திருந்த ஒருவருக்கு இந்த ஒரு வரி என்னவெல்லாம் செய்திருக்கும்!

தேதிகளும் இம்மி பிசகவில்லை. தொலைவைக் காட்டும் மாயக் கல் ஒன்றுக்குள் தான் பார்த்ததிலிருந்து இது மூன்றாவது இரவு என்று பிப்பின் எண்ணிக்கொள்கிறான். கல்லைப் பார்த்தது மார்ச் 5 இரவு. ஆகவே இது மார்ச் 7. நூலின் பின்னிணைப்பைப் புரட்டினால், ஃபாராமிரிடம் ஃப்ரோடோ அகப்பட்டதும் மார்ச் 7தான்.

இது தானாக அமைந்ததல்ல. பாத்திரங்கள் பல வழிகளில் பிரிந்து போகும் நெடுங்கதையில் காலம் நழுவுவது சாதாரணம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் தொடரில் ஐந்தாண்டுத் தாவல் ஒன்றைத் திட்டமிட்டார், பிறகு கைவிட்டார். கடைசியில் ஏறக்குறைய ஒரே காலத்து நிகழ்வுகளை, பாத்திரவாரியாகப் பிரித்து, 2005லும் 2011லும் வந்த இரண்டு நூல்களில் வைக்க நேர்ந்தது. டோல்கீனுக்கும் நழுவியது. 1944 மே 14 அன்று, தென்னாப்பிரிக்காவில் விமானப்படைப் பயிற்சியிலிருந்த மகன் கிறிஸ்டோஃபருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்தக் கவலை இருக்கிறது. கதையின் முக்கியமான சில நாட்களில் நிலவு நடக்கவே முடியாததைச் செய்கிறதாம். ஓரிடத்தில் எழும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைகிறதாம். முந்தைய அத்தியாயங்களைத் திருத்தியெழுதவே ஒரு பிற்பகல் முழுதும் போயிற்று. போர்க்காலத்தில், கல்லூரி வேலைகளுக்கு நடுவே, எந்த வாசகரும் கேட்டிராத ஒரு கேள்விக்காக ஒரு பிற்பகல்! நாள்வாரியாக யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் வரைந்த அட்டவணைகள் இன்றும் அமெரிக்காவின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

எனக்கு இன்னும் பிடித்தது, முதல் பாகத்தில் வரும், ஃப்ரோடோவின் தோழன் சாமின் குழப்பம். எல்ஃப்கள் வாழும் லோத்லோரியன் காட்டுக்கு ஃப்ரோடோவின் குழு வந்து சேர்ந்த ஜனவரி 15 இரவு, மரத்தின் மேலிருந்த பரணில் படுக்கிறார்கள். அப்போது தேய்பிறை, ஏறக்குறைய அஷ்டமி. காட்டைவிட்டுக் கிளம்புவது பிப்ரவரி 16. ஆற்றில் படகில் ஒரு வாரம் போனபின் வானத்தில் மெல்லிய பிறை தெரிகிறது. அஷ்டமிக்குப் பின் ஒரு வாரத்தில் அமாவாசை, உடனே பிறை. அப்படியானால் காட்டில் தங்கிய நாட்கள் எங்கே போயின? தோட்டக்காரனான சாம் நிலவை வைத்து நாள் எண்ணுகிறவன், அதனால்தான் கேள்வி அவனுக்கு வருகிறது. அந்தக் காட்டில் காலமே வேறாக இருந்திருக்கலாம் என்கிறான் ஃப்ரோடோ. எல்ஃப்கள் காலத்தை உணரும் விதத்தை, எல்ஃபான லெகோலாஸ் விளக்குகிறான். குழுவை வழிநடத்தும் அரகோர்ன்தான் முடிச்சை அவிழ்க்கிறான்: நீங்கள் கவனிக்காமலே வெளியே ஒரு நிலவு முழுதாக வளர்ந்து தேய்ந்துவிட்டது.

ஹாபிட்களின் நாட்காட்டியில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், பிப்ரவரிக்கும்கூட. நிலவின் சுற்று இருபத்தொன்பதரை நாள். தங்கிய காலமோ ஏறக்குறைய ஒரு மாதம். அதனால் வானம் அவர்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்வதுபோலத் தோன்றுகிறது. லோத்லோரியனில் காலம் நின்றதா ஓடியதா என்று டோல்கீன் கைப்பிரதிகளில் பலமுறை மனம் மாறியிருக்கிறார். அவருடைய அந்தத் தயக்கம் அப்படியே நான்கு பேரின் பேச்சாகிவிட்டது. பிழையாகப் போயிருக்கக்கூடிய ஓரிடம் நூலின் மிக அழகான உரையாடல்களில் ஒன்றாக நிற்கிறது. சாம் கண்ட அந்தப் பிறையிலிருந்து நாளை எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டு வாரத்தில் மார்ச் 7 வரும், பௌர்ணமியும் வரும். பிப்பின் குதிரைமேல் பார்ப்பது, படகில் சாமைக் குழப்பிய அதே நிலவுதான்.

'த ஹாபிட்' கதையில் மட்டும் இப்படிப் பொருத்த அவரால் முடியவில்லை. 1937இல் வந்த அந்த நூலில், மட்டக்குதிரை ஒன்று மிரண்டு ஆற்றில் பாய்ந்த அன்றிரவே, அதே பக்கத்தில், கதாநாயகன் பில்போவின் கூட்டம் ட்ரோல் என்னும் அரக்கர்களின் தீயைக் காண்கிறது. பின்னாளில், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில், அரகோர்ன் அக்டோபர் 13 அன்று அதே ஆற்றின் பாலத்தைக் கடக்கிறான். கல்லாகிப்போன அதே ட்ரோல்களை அடைவது 18ஆம் தேதி. மலைக்காட்டில் வழி தவறியதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. 1960இல் டோல்கீன் தூரம், நாள், நிலவு எல்லாவற்றையும் பொருத்தி 'ஹாபிட்'டைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். ரிவெண்டெல் பள்ளத்தாக்கு வரை வந்தார். படித்த தோழி ஒருவர், அருமையாக இருக்கிறது, ஆனால் இது 'ஹாபிட்' இல்லையே என்றாராம். அதோடு நிறுத்திவிட்டார். ஒரு நிலவுக்காகப் பிற்பகலைக் கொடுத்தவர், குழந்தைகளுக்குச் சொன்ன கதையின் ஆற்றை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தது எனக்குப் பெரிய நிறைவு.