கருத்துருக் கலையும் நிக்கோபார் ஹெந்தாவும்: ஒரு கலைச்சொல் நோக்கு

'கன்செப்சுவல் ஆர்ட்' என்னும் தொடரைத் தமிழில் 'கருத்தியல் கலை' என்றும் 'கருத்துருக் கலை' என்றும் பெயர்ப்பதுண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. 'கருத்தியல்' என்பது 'ஐடியாலஜி'க்குரிய சொல்லாக நிலைபெற்றுவிட்டது. ஆதலின், கருத்தியல் கலை எனின் ஒரு கொள்கையைப் பரப்பும் கலை என்றே படிப்போர் கொள்வர். 'கருத்துரு' அலுவலக வழக்கில் முன்மொழிவைக் குறிப்பினும், கலை என்னும் சொல்லை அடுத்து வரும்போது அம்மயக்கம் எழுவதில்லை.

இக்கலையின் தோற்றம் மொழி பற்றிய சிந்தனையோடு இணைந்தது. இசைக்கு ஒலி போல இக்கலைக்குக் கருத்துருவே மூலப்பொருள் என்றும், கருத்துரு மொழியோடு பிணைந்ததாகலின் இது மொழியை மூலப்பொருளாகக் கொண்ட கலை என்றும் 1961இல் ஹென்றி ஃபிளிண்ட் விளக்கினார். 1965இல் ஜோசப் கொசுத் ஒரு நாற்காலியையும், அதன் நிழற்படத்தையும், 'சேர்' என்னும் சொல்லுக்குரிய அகராதி விளக்கத்தையும் அருகருகே வைத்தார். எண்ணமே படைப்பின் முதன்மைக் கூறு என்று 1967இல் எழுதிய சால் லெவிட்டின் சுவரோவியங்கள் பலவற்றை, அவர்தம் எழுத்துக் குறிப்பின்படி பிறர் வரைந்தனர்.

கொசுத்தின் படைப்பைத் தமிழில் அமைப்பின் ஒரு சிக்கல் தோன்றும். 'சேர்' இன்றைய ஆங்கிலத்தில் இடுகுறிப்பெயர், 'நாற்காலி' காரணப்பெயர். நான்கு கால் உடைமையைப் பெயரே கூறிவிடுகிறது. மேசைக்கும் கால் நான்கே. எனினும் அதனை நாற்காலி என்பதில்லை. எனவே அகராதி விளக்கம் இங்குப் பொருளோடு மட்டுமன்றிப் பெயரோடும் வழக்காட வேண்டியதாகிறது. எண்ணம் ஒன்றேயாயினும் மொழி மாறின் படைப்பும் மாறும் என்பது இதனாற் பெறப்படும்.

எண்ணம் ஒருவருடையது, ஆக்கம் பிறருடையது என்னும் முறை மேனாட்டிற்கே உரியதன்று. நன்கவுரி முதலிய நடு நிக்கோபார்த் தீவுகளில், நோய் தரும் ஆவிகளை விலக்க ஹெந்தா என்னும் படம் தீட்டிய பாளையும் பலகையும், கரியாவ் என்னும் மரவுருவும் வைக்கப்பட்டன. மென்லுவானா எனப்படும் மருத்துவப் பூசகர் பணித்தவாறு அவை ஆக்கப்பட்டன. நடு நிக்கோபாரி மொழிக்கு 1889இல் அகராதி வெளியிட்ட இ. எச். மேன் இவற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பயன் தாராதவை எறியப்பட்டன. பொருளினும் அதன் செயலே பெரிதெனக் கருதப்பட்டது.

இவ்வொப்புமை கொண்டு ஹெந்தாவைக் கருத்துருக் கலை எனப் பெயர்த்தல் தகுமா? தகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. 1917இல் மார்செல் டூஷான் சிறுநீர்க் கலம் ஒன்றைக் கண்காட்சிக்கு அனுப்பியது முதல், 'கலை' என்னும் பெயர் எதற்குப் பொருந்தும் என்ற வினாவே இம்மரபின் உயிராயிற்று. ஹெந்தா அவ்வினாவை எழுப்பவில்லை. அது ஆவியை நோக்கியதேயன்றிச் சுவைஞரை நோக்கியதன்று. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பின்னரே நாம் அதனைக் கலைப்பொருளாகக் காண்கிறோம். இடமே பொருளைக் கலையாக்கும் என்னும் இப்பார்வை கருத்துருக் கலை நமக்கு உறுதிப்படுத்திய பழக்கம். அதனை நிக்கோபாரியர் மேல் ஏற்றுதல் முறையன்று.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஹெந்தாவை ஹெந்தா என்றே எழுதி விளக்குதல் வேண்டும். நேர்ச்சொல் கிடைத்துவிட்டது என்னும் மகிழ்ச்சியில் ஒரு மக்களின் மருந்தை மற்றொருவரின் வினாவாக மாற்றிவிடுதல் பிழை பெயர்ப்பேயாகும்.