யாருடைய தொடர்ச்சி?

அமெரிக்காவில் காமிக்ஸ் படிக்கிறவர்கள் அறுபது வருஷமாக இரண்டு சண்டைகளை விடாமல் போட்டு வருகிறார்கள். மார்வெல் உசத்தியா, டிசி உசத்தியா என்கிற கம்பெனிச் சண்டை ஒன்று. 'கண்டினியூட்டி' என்று அவர்கள் பேர் வைத்திருக்கிற தொடர்ச்சிச் சண்டை மற்றது. ஒரே கம்பெனி வெளியிடுகிற நூற்றுக்கணக்கான கதைகளும் ஒரே உலகத்தில் நடப்பவை, ஒன்றில் நடந்தது மற்றதைக் கட்டுப்படுத்தும், ஆகவே ஒன்றோடொன்று முரண்படக் கூடாது என்பது விதி. புதுசாக ஒரு கதை வந்தால் 'இது கணக்கில் சேருமா, சேராதா?' என்று மல்லுக்கட்டுவார்கள். சின்னப்பிள்ளைச் சமாச்சாரம், இதற்கு நம்ம பத்திரிகையில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை, யார் முதல் ஆள், யார் பிற்பாடு ஒட்டவைத்த ஆள் என்று தீர்ப்புச் சொல்கிற பஞ்சாயத்து எங்கே கூடினாலும் அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

இந்த விசுவாசம் தானாக முளைத்ததில்லை. மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீ 1960களில் அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார். வாசகர்களை 'உண்மை விசுவாசிகளே' என்று விளித்தார். போட்டிக் கம்பெனிகளுக்குப் பட்டப்பேர் வைத்தார். 1964-இல் ரசிகர் சங்கம் ஆரம்பித்து ஒரு டாலர் சந்தா வாங்கினார். கதைகளில் உள்ள முரண்களைச் சுட்டி வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அது முரணே இல்லை என்று சாமர்த்தியமாக விளக்கம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு 'நோ-பிரைஸ்' என்று ஒரு பரிசு. 1967 முதல் அது தபாலில் வந்தது. உறை மேலே வாழ்த்து அச்சடித்திருக்கும். பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. வேடிக்கைக்குச் செய்ததுதான். ஆனாலும் உறவு என்னவென்று அந்த உறை பச்சையாகக் காட்டிவிடுகிறது. கம்பெனி செய்த தப்பை வாசகன் ராத்திரி கண்விழித்து அடைத்துக் கொடுக்கிறான். கூலி வெறும் உறை. அதையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறான். புராணத்தின் ஓட்டையைப் பாஷ்யம் எழுதி அடைத்த பண்டிதனுக்காவது மானியமும் அக்ரகாரமும் கிடைத்தன.

ஓட்டை அடைப்பதில் என்னென்ன அடைபடும் என்பதற்கு டிசியிலிருந்து ஓர் உதாரணம். 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' 1958-இல் தொடங்கியது. ஆயிரம் வருஷம் கழித்து, முப்பதாம் நூற்றாண்டில் நடக்கிற கதை. அதில் பச்சைத் தோல்காரன் உண்டு, ஆரஞ்சுத் தோல்காரன் உண்டு, நீலத் தோல்காரியும் உண்டு. கறுப்பர் இல்லை. 1976-இல் டைராக் என்கிற கறுப்பு நாயகனைக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் இத்தனை வருஷம் கறுப்பர்கள் எங்கே போயிருந்தார்கள்? தொடர்ச்சி கெடாமல் பதில் சொல்லணுமே. மார்சால் என்று ஒரு தீவாம்; கறுப்பினம் ஒன்று அங்கே தனியே வாழ்கிறதாம்; அந்தத் தீவு அவ்வப்போது இந்த உலகத்தை விட்டே மறைந்துவிடுமாம். படம் வரைந்த மைக் கிரெல்லே பிற்பாடு இதைக் கண்டித்துப் பேசியிருக்கிறார். ஆயிரம் வருஷம் தாண்டிப் பறந்த கற்பனை கடைசியில் போய் இறங்கிய இடம், ஊருக்கு வெளியே ஒரு சேரி. முரண் தீர்ந்துவிட்டது. ஆள் காணாமல் போனது ஏன் என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிட்டது.

இதைக் காட்டி மார்வெல்காரர்கள் சிரிக்க முடியாது. அவர்கள் சங்கதிக்கு வருவோம். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டுக்கொண்டு வந்தவர் கேப்டன் அமெரிக்கா. ஜோ சைமன், ஜாக் கிர்பி என்கிற இரண்டு யூத இளைஞர்கள் உண்டாக்கிய பாத்திரம். நோஞ்சான் ஸ்டீவ் ராஜர்ஸுக்கு ராணுவம் ஒரு மருந்து கொடுக்கிறது, அவன் மாவீரன் ஆகிறான். மருந்து செய்த விஞ்ஞானியை நாஜி உளவாளி அங்கேயே சுட்டுக் கொல்கிறான். ரகசியம் அவரோடு போய்விடுகிறது. 2003 தேதியிட்டு ஏழு இதழ்களாக வந்த 'ட்ரூத்: ரெட், வைட் அண்ட் பிளாக்' இங்கேதான் ஒரு கேள்வியைப் போட்டது. எழுத்து ராபர்ட் மொராலெஸ், படம் கைல் பேக்கர். தொலைந்த மருந்தை மறுபடி உண்டாக்க அமெரிக்க ராணுவம் யார் உடம்பில் போட்டுப் பார்த்திருக்கும்?

கதை 1942-இல், மிசிசிப்பி முகாம் ஒன்றில் நடக்கிறது. கறுப்புச் சிப்பாய்களில் 300 பேரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். உடம்பு வீங்கி, உருக்குலைந்து சாகிறார்கள். குடும்பங்களுக்குப் பொய்த் தகவல் போகிறது. தப்பிய ஒருசிலரில் கடைசியாக மிஞ்சுகிறவர் ஐசையா பிராட்லி. அவர் கேப்டனின் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு நாஜி முகாமுக்குள் போகிறார். நாடு திரும்பியதும் அவருக்குக் கிடைத்த மரியாதை, உடுப்பைத் திருடினதுக்கு ராணுவ நீதிமன்றமும் ஆயுள் தண்டனையும். 17 வருஷம் கழித்து விடுகிறார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்குள் மூளை கலங்கிக் குழந்தை போல ஆகிவிடுகிறார்.

முதல் இதழ் கடைக்கு வருமுன்பே கூச்சல் கிளம்பியது. கேப்டனைக் கறுப்பனாக்கப் பார்க்கிறார்கள் என்று சிலர் நேராகவே கத்தினார்கள். தொடர்ச்சியைக் கையில் எடுத்தவர்களும் இருந்தார்கள். ராஜர்ஸ்தானே முதல் ஆள்? சூத்திரம் தொலைந்துபோனதே? அறுபது வருஷக் கதைகளில் பிராட்லி பேர் எங்கும் இல்லையே? இது நிஜமாக நடந்ததா, கணக்கில் சேராத தனிக்கதையா? இப்படிக் கேட்ட எல்லாரும் நிறவெறியர் என்று நான் சொல்லவரவில்லை. கேள்வியின் லட்சணத்தைப் பாருங்கள் என்கிறேன். பதிவேட்டில் பேர் இல்லை, ஆகவே ஆள் இல்லை. பட்டா இல்லை, ஆகவே நிலம் உன்னுடையதில்லை. கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப்போன கேள்வி.

அந்தப் பதிவேடும் யோக்கியமானது இல்லை. 1964-இல் மார்வெல் கேப்டனைத் திரும்பக் கொண்டுவந்தபோது 1945 முதல் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தார் என்று எழுதினார்கள். அப்படியானால் 1954-இல் இதே கம்பெனியின் கதைகளில் கம்யூனிஸ்டுகளை அடித்துக்கொண்டிருந்த கேப்டன் யார்? 1972-இல் அதற்கு ஒரு கதை எழுதினார்கள்: அது வேறொரு வெள்ளை ஆள், மருந்து தலைக்கேறிப் பித்துப் பிடித்தவன். ஓட்டை அழகாக அடைபட்டது. இன்றுவரை கெட்டிக்கார ஒட்டு என்று பேசுகிறார்கள். ரெண்டு வெள்ளைக் கேப்டன்களைத் தாங்கின தொடர்ச்சிக்கு ஒரு கறுப்புக் கேப்டன் வந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

'ட்ரூத்' ஆகாயத்திலிருந்து குதித்த கதையில்லை. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கறுப்பு ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. மேகநோய் கண்டவர்கள் 399 பேர், காணாதவர்கள் 201 பேர். 1940களின் கடைசியில் பென்சிலின் இதற்கு மருந்தாக நிலைபெற்ற பிறகும் கொடுக்காமல் விட்டு, நோய் என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். செய்தி வெளியே வந்தது 1972-இல். அதே வருஷம் மார்வெல் லூக் கேஜ் என்கிற கறுப்பு நாயகனை அறிமுகம் செய்தது; அவனுக்கும் பலம் வந்தது ஜெயிலில் நடந்த மருத்துவச் சோதனையில்தான். அந்தக் கதை யாருடைய முதலிடத்தையும் தொடவில்லை. தன் தெருவில் அவன் வாழ்ந்துகொண்டான். பிராட்லியோ முதல் ஆளின் உடுப்பைத் தொட்டுவிட்டார். தொட்டதுதான் குற்றம்.

பிரதியிலும் எனக்குக் குறை உண்டு. பாதிக்கப்பட்டவரின் நாக்கைக் கதையே பிடுங்கிவிடுகிறது. நடந்ததை அவர் மனைவி ஃபெய்த் சொல்ல, ராஜர்ஸ் கேட்கிறார். நல்ல மனசுள்ள வெள்ளைக்காரர் வந்து கேட்ட பிறகுதான் உண்மைக்கு உயிர் வருகிறது. சாட்சியம் எழுதுகிற நாம் இந்த ஏற்பாட்டைச் சந்தேகத்தோடு பார்க்கணும். ஆனால் அதே கடைசி இதழில் பிராட்லி வீட்டுச் சுவர் வருகிறது. கறுப்பினத்தின் பேர்பெற்ற ஆட்கள் அவரோடு நின்று எடுத்துக்கொண்ட படங்கள். அரசாங்கம் மறைத்த மனுஷனை அவர் சனங்கள் மறக்கவில்லை, வாய்வழியாக வைத்திருந்தார்கள். கம்பெனியின் தொடர்ச்சிக்கு வெளியே இன்னொரு தொடர்ச்சி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று பழிக்கப்பட்ட பேக்கரின் கோடு அந்தச் சுவரை வரைகிறபோது அசல் ஆவணமாகவே நிற்கிறது.

முரணைக் கண்டால் செய்வதற்கு ரெண்டு வேலை இருக்கிறது. ஒன்று நோ-பிரைஸ் வேலை. இன்னொன்று அம்பேத்கர் செய்தது. 'இந்து மதத்தில் புதிர்கள்' எழுதி அவர் உயிரோடு இருக்கிறவரை அச்சாகவில்லை. 1987-இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்டதும் ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதிக்காகப் பெரிய ரகளை நடந்தது. வேதத்துக்கும் வேதத்துக்கும், புராணத்துக்கும் புராணத்துக்கும் உள்ள முரண்களை அவர் வரிசையாக எடுத்து வைத்தார். அடைப்பதற்காக இல்லை. இத்தனை ஓட்டையோடும் இது எப்படி நிற்கிறது, நிற்பதால் யாருக்கு லாபம் என்று கேட்பதற்காக. விசுவாசி முரணை மூடுகிறான். விமர்சகன் அதன் வழியாக உள்ளே போகிறான்.

யாருக்கு லாபம் என்று இங்கேயும் கேட்போம். ரசிகர்கள் ரெண்டு கட்சியாய் அடித்துக்கொண்டிருக்க, 'சூப்பர் ஹீரோ' என்கிற சொல்லையே மார்வெலும் டிசியும் கூட்டாகத் தங்கள் வணிகச் சின்னமாக 1980களின் தொடக்கம் முதல் வைத்திருந்தன. 2024-இல்தான் அது ரத்தானது. கீழே சண்டை, மேலே கூட்டுப் பட்டா! உழைத்தவர்கள் கதி வேறு. 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை விற்றது 130 டாலருக்கு. கிர்பியின் வாரிசுகளோடு மார்வெல் சமரசத்துக்கு வந்தது 2014-இல். பிராட்லியும் இப்போது 'கணக்கில்' சேர்ந்துவிட்டார். 2021-இல் டிஸ்னியின் தொலைக்காட்சித் தொடரில் வந்தார்; கதையின் முடிவில் அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். சிலை வைப்பதன் அர்த்தம் நமக்குத் தெரியும். சிலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிலைக்குக் கீழே நிலம் யாருடையது என்று கேட்பேன்.

அந்த நிலத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளப் பார்த்தவர்களும் உண்டு. 1993-இல் டுவைன் மெக்டஃபி, டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரக் டிங்கிள் என்கிற கறுப்பினத்தவர் நால்வர் 'மைல்ஸ்டோன்' தொடங்கினார்கள். டகோட்டா என்கிற தங்கள் ஊர், தங்கள் உலகம், உரிமையும் தங்களுடையது. அச்சும் விநியோகமும் டிசி. 'வெள்ளைக் கம்பெனி தோளில் உட்கார்ந்து என்ன சுதந்திரம்?' என்று தனியாகப் பத்திரிகை போட்ட கறுப்புக் கலைஞர்களே குறை சொன்னார்கள். நமது எழுத்தைப் பெரிய பதிப்பகம் போடலாமா என்று நாம் அடித்துக்கொள்கிற சண்டைதான். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 1997-இல் காமிக்ஸ் நின்றது. 2008-க்குப் பிறகு அந்தப் பாத்திரங்களை டிசியின் உலகத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள், ஆதியிலிருந்தே அங்கே இருந்தவர்கள் போல. வெளியே வைப்பது ஒரு விதம். உள்ளே இழுத்து, தனியாக நின்ற கதையை அழிப்பது இன்னொரு விதம்.

முடிக்குமுன் ஒரு பேரைப் பற்றிச் சொல்லணும். மார்வெலின் 'பிளாக் பேந்தர்' 1966 ஜூலை இதழில் வந்தான். ஓக்லண்டில் பிளாக் பேந்தர் கட்சி அதே வருஷம் அக்டோபரில் பிறந்தது. கட்சிக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கட்சி வளர வளரக் கம்பெனிக்கு உதறல் எடுத்தது. 1972 பிப்ரவரி தேதியிட்ட இதழில் நாயகன் தன் பேரை 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றிக்கொண்டான். கம்பெனி 'பேந்தர்' என்கிற பேரைக் கீழே போட்ட அதே 1972-இல், பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் அந்தக் கட்சியைப் பார்த்து அந்தப் பேரை எடுத்துக்கொண்டார்கள்: தலித் பேந்தர்ஸ். கம்பெனி கொஞ்ச நாளில் பழைய பேருக்கே திரும்பியது. 2018-இல் படம் எடுத்து நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எந்த ரசிகனின் தொடர்ச்சி அட்டவணையிலும் பம்பாய் வராது. வரணும் என்று நான் மனுப் போடவில்லை. நம்முடைய தொடர்ச்சியை நாம்தான் எழுதி வைக்கணும். எழுதும்போது அதிலும் யாரையாவது தீவுக்கு அனுப்புகிறோமா, யார் முதல் தலித் எழுத்தாளர் என்று அடித்துக்கொண்டு யார் பேரையாவது விடுகிறோமா என்று பார்த்துக்கொள்ளணும். மாணவத் தோழர்கள் 'ட்ரூத்'தைத் தேடிப் பிடித்துப் படிக்கணும். யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் இன்னும் நல்லது.