நாட்டின் கதையாக இலக்கியம்: தே சாங்க்டிஸின் வழி

பிரான்செஸ்கோ தே சாங்க்டிஸ் எழுதிய 'இத்தாலிய இலக்கிய வரலாறு' பள்ளி மாணவர்களுக்கான பாடநூலாகத்தான் தொடங்கியது. எழுத எழுதப் பெருகி இரண்டு பாகமாயிற்று. அதில் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி பற்றிய அத்தியாயத்தில் ஓரிடம். வாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, இந்த நேரத்தில் மணிகள் ஒலிக்கின்றன, இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்துவிட்டது என்று எழுதுகிறார். காலம் 1870 செப்டம்பர். போப்பின் ஆட்சி சரிந்ததைச் சொல்லி, அந்தப் பெருமையை முந்நூறு ஆண்டுகளுக்கும் முன் மறைந்த மாக்கியவெல்லிக்குச் சூட்டுகிறார். நூலின் பலம், பலவீனம் இரண்டையும் அந்தப் பத்தியிலேயே பார்க்கலாம்.

இந்த ஆவேசம் வாழ்ந்து பெற்றது. 1817-ல் தென்னித்தாலிய மலையூரான மொர்ராவில் பிறந்தவர், நேப்பிள்ஸில் மொழித்தூய்மை பேசிய புவோட்டியிடம் பயின்று தாமும் ஆசிரியரானார். 1848 மே 15-ல் நேப்பிள்ஸ் அரசனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் அவருடைய மாணவர் லூயிஜி லா விஸ்தா கொல்லப்பட்டார். 1850 இறுதியில் அவரே கைதாகி, கடலோரக் கோட்டைச் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். அங்கே ஜெர்மன் கற்று மெய்யியலாளர் ஹெகலை மொழிபெயர்த்தார். பிறகு தூரின், ஜூரிச் என நாடுகடந்த வாழ்க்கை. 1861-ல் ஒன்றுபட்ட இத்தாலியின் கல்வி அமைச்சர்.

அவருடைய பெரிய கொடை, வடிவத்தை அலங்காரமாகப் பார்க்காதது. உள்ளடக்கம் வடிவமாக மாறிய பிறகே அது கவிதை என்றார். தாந்தேயின் நரகத்தில் வரும் பிரான்செஸ்காவைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் இது விளங்கும். உரையாசிரியர்கள் அவளைப் பாவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சுருக்கியிருந்தார்கள். இவர் அவளை ஆசையும் வெட்கமும் உள்ள உயிருள்ள பெண்ணாக மீட்டார். ஹெகலைக் கற்றும் கோட்பாட்டுக்கு அடங்காத வாசகர் அவர்.

ஆனால் அதே கையில் ஒரு தராசும் இருந்தது. இலக்கியம் நாட்டின் மனசாட்சி என்று கொண்டதால், எந்த நூற்றாண்டு நாட்டுக்கு உதவியது என்பதே கேள்வியாகிவிட்டது. தாந்தேயிடம் இருந்த நம்பிக்கை பெட்ரார்க்கிடம் தளர்கிறது, பொக்காச்சியோவிடம் சிரிப்பாகிறது, அரியோஸ்தோவிடம் வெறும் கற்பனை விளையாட்டாகிறது, மரினோவிடம் வெற்று ஓசையாகிறது. அரியோஸ்தோவின் கலையை மனமாரப் புகழ்ந்தபடியே, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று குறைப்படுகிறார். தன் ரசனை சொல்வதைத் தன் கதைத்திட்டம் மறுக்க இடம் கொடுப்பதே இந்த முறையின் மிகப் பெரிய குறை என்பேன். அந்நியர் ஆட்சிக்கு நாடு பணிந்ததற்கான பொறுப்பைக் கவிஞர்கள் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை.

இன்னொரு குறையைக் கார்லோ தியோனிசொத்தி துல்லியமாகப் பிடித்தார். லண்டனில் பேராசிரியராக இருந்த அவர், இத்தாலிய இலக்கியம் ஒரே கோட்டில் வளரவில்லை, ஊருக்கு ஊர் வேறு வேகத்தில் வளர்ந்தது என்று காட்டினார். அவருடைய கட்டுரைத் தொகுப்பு 1967-ல் நூலாயிற்று. ஒற்றைக் கதையைத் தேடிய தே சாங்க்டிஸுக்கு வெனிஸும் நேப்பிள்ஸும் தனித்தனி உலகங்களாக இருந்தது உறுத்தவில்லை.

என்றாலும் முசோலினியின் சிறையில் இருந்த மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி, தே சாங்க்டிஸிடம் திரும்ப வேண்டும் என்று எழுதியதில் பொருள் இருக்கிறது. கலைத்தீர்ப்பையும் பண்பாட்டுப் போராட்டத்தையும் அவரைப்போலச் சேர்த்துப் பிடித்தவர்கள் குறைவு.

புவோட்டியின் பள்ளிக்கு வந்த கவிஞர் லியோபார்தியை தே சாங்க்டிஸ் தம் இளமையில் நேரில் கண்டிருந்தார். கடைசி ஆண்டுகளில் அந்தக் கவிஞரைப் பற்றி எழுதிய நூல், 1883-ல் அவர் இறந்தபோது முற்றுப்பெறவில்லை. அதில் நாட்டின் கதை பின்னால் போய்விடுகிறது. ஒரு மனிதனின் வாழ்க்கையையும் எழுத்தையும் அடிக்கு அடி பின்தொடர்கிறார். அவரைப் புதிதாகப் படிக்க வருபவருக்கு, பெரிய வரலாற்றுக்கு முன் இந்த முற்றுப்பெறாத நூலைத்தான் நான் பரிந்துரைப்பேன்.